புடலங்காய் படமெடுத்த மாலை

பாம்பு பிடிக்கிற பெண் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது நான் வாஷிங் மெஷின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

கையில் துடைப்பம். வேட்டி முழங்காலுக்கு மேல். கரண்ட் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. வெளியே புனே மழை. அதாவது பெய்கிறதா நின்றுவிட்டதா என்று கையை நீட்டிப் பார்த்தால்தான் தெரிகிற மழை. என் மனைவி செல்வி டார்ச்சை வந்தவளின் முகத்தில் அடிக்காமல் என் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒரு கையில் நுனி வளைந்த இரும்புக் கம்பி, மறு கையில் துணிப்பை. வாசலில் நின்றபடியே சமையலறையைத் தாண்டி என்னைப் பார்த்தாள்.

"அங்கிள், நீங்கள் இறங்கலாம்" என்றாள் இந்தியில். "அது உங்களுடையதுதான்."

"எது?"

"பாம்பு."

செல்வி என் பக்கம் திரும்பினாள். இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்திய பிறகும் இந்த ஆளைப் பற்றித் தெரியாத ஒன்று பாக்கி இருக்கிறதோ என்கிற பார்வை.

இது நடந்து மூன்று நாலு வருஷம் ஆகியிருக்கும். இந்தக் கதையை இதுவரை நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன். ஆனால் வாஷிங் மெஷினையும் சேர்த்துச் சொல்வது இது இரண்டாவது தடவைதான்.

எழுந்து போகக் கால் இல்லாதவர்கள்

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாரும் கேட்காத சங்கீதமாகத் தேடிப் பிடித்துக் கேட்பது. ஓடாத படங்களின் பாட்டு, ஓடிய படங்களில் ஓடாத பாட்டு, டூரிங் டாக்கீஸில் இடைவேளை விட்டதும் போடுவார்களே அந்த டொய்ங் டொய்ங், டைப்ரைட்டிங் பழகுகிறவர்களுக்காகத் தாளம் தட்டிப் பதிவு செய்த கேசட், எல்லாம் என் அலமாரியில் இருக்கிறது. அந்த டைப்ரைட்டிங் கேசட்டை விருந்தாளிகளுக்குப் போட்டுக் காட்டியதுண்டு. விருந்தாளிகள் வருவது குறைந்தது.

படங்களும் அப்படித்தான். ஊரே கொண்டாடுகிற படம் என்றால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். மூன்று நாள் ஓடிப் பெட்டிக்குத் திரும்பிய படம் என்றால் நிமிர்ந்து உட்காருவேன். கல்யாணமான புதிதில் செல்வியை அப்படி ஒரு படத்துக்குக் கூட்டிப்போனேன். தியேட்டரில் நாங்கள் இரண்டு பேர், டார்ச் அடிக்கிறவர் ஒருவர். இடைவேளையில் அவர் எங்கள் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்து, "நீங்க கிளம்பறதா இருந்தா சொல்லிடுங்க சார், நாங்களும் வீட்டுக்குப் போவோம்" என்றார். செல்வி உடனே எழுந்துவிட்டாள். கதாநாயகி கடைசியில் யாரைக் கட்டிக்கொண்டாள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

புனேயில் ஜூனா பஜார் என்று ஒரு பழைய சாமான் சந்தை கூடும். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை, துருப்பிடித்த ஸ்பானர்களுக்கும் ஒற்றைக் கால் பொம்மைக்கும் நடுவில் தமிழ் எழுத்தைப் பார்த்தேன். ஒரு கேசட். "கிளாரினெட்" என்று இருந்தது. வாசித்தவர் பெயர் கிழிந்துபோய் "...சாமி பார்ட்டியார்" என்பது மட்டும் மிச்சம்.

எந்தச் சாமியோ, எந்த ஊரோ. கல்யாண ஊர்வலத்தில் பேண்டு வாசிக்கிற ஆள் என்று நினைக்கிறேன். பின்னால் டிரம் அடிப்பவருக்கு எங்கேயோ பஸ் பிடிக்க வேண்டிய அவசரம். இவருக்கு அவசரமே கிடையாது. ஒரு பக்கம் முழுக்க ஒரே மெட்டு. பாம்பாட்டி மகுடி ஊதுகிற மாதிரி நெளிந்து நெளிந்து போகும். அப்பாடா முடிந்தது என்று நாம் எழுந்திருக்கும்போது மறுபடியும் தொடங்கும். எனக்கு அது உயிர்.

செல்விக்குத் திருநெல்வேலிப் பக்கம். "ஹால்ல வச்சு இதப் போடாதீங்க. குக்கர் எத்தன விசில் அடிச்சுதுன்னே தெரிய மாட்டேங்கு" என்று சட்டம் போட்டாள். அதனால் கேசட் பிளேயரும் நானும் பால்கனிக்கு வந்து சேர்ந்தோம். அங்கே என் தோட்டம். பழைய பெயிண்ட் வாளிகளில் தக்காளி, கறிவேப்பிலை, கீரை. செடிகள் சங்கீதம் கேட்டால் நன்றாக வளரும் என்று யாரோ சொன்னார்கள். வளருமோ வளராதோ, அவற்றுக்கு எழுந்து போகக் கால் இல்லை.

அந்த வருஷம் மைத்துனர் ஊரிலிருந்து தபாலில் புடலை விதை அனுப்பியிருந்தார். நாட்டுப் புடலை, பச்சையில் வெள்ளை வரி. இங்கே கடையில் கிடைப்பது முழங்கை நீளம்தான் இருக்கும். இது வேறு ஜாதி. பால்கனிக் கம்பியில் கொடி ஏற்றினேன். ஒரு காய் பிடித்தது. சுருளாமல் நேராக வளரட்டும் என்று நுனியில் ஒரு கல்லைக் கட்டிவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் விடாத மழை. நான் பால்கனிக் கதவைத் திறந்து பாட்டுப் போடுவதோடு சரி, எட்டிப் பார்க்கவில்லை. காய் கம்பி வழியாக நழுவி வெளியே இறங்கித் தன்பாட்டுக்குக் கீழே கீழே போயிருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் கொடி தெரியும். காயின் முழு அழகும் கீழ்வீட்டுக்குத்தான்.

காக்காவும் அண்ணாவும்

கீழ்வீட்டில் இருந்தவர் வசந்த் காக்கா. மராத்தியில் காக்கா என்றால் சித்தப்பா. எழுபத்து நாலு வயதுக்காரர். பிம்ப்ரியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார். ஒரே பெண் மேதா, புனேயிலேயே வாகட் பக்கம் கணவன், குழந்தைகளோடு இருந்தாள். காக்கா இங்கே ஔந்தில், எங்கள் கட்டடத்தில், தனியாக.

எழுபத்து நாலு வயதுக்காரர் ஐம்பத்தாறு வயதுக்காரனான என்னை "அண்ணா" என்று கூப்பிடுவார். இங்கே தெற்கிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் அண்ணாதான். நான் அவரைக் காக்கா என்பேன். முதல் தடவை ஊரிலிருந்து வந்த என் மாமியார் இதைக் கேட்டுவிட்டு, "பெரிய மனுசர இப்படியா கூப்புடுதது" என்று என்னை ஓரமாகக் கூட்டிப்போய்த் திட்டினார்.

காக்காவுக்கு ஒரு பழக்கம். மத்தியானத்திலிருந்து இந்திச் சேனல்களில் தெற்கத்திப் படங்களை டப் செய்து போடுவார்கள். அத்தனையும் பார்ப்பார். மறுநாள் காலை வாக்கிங்கில் சந்தேகங்களோடு வருவார். அந்தப் படங்களுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு என்பது அவர் எண்ணம்.

"அண்ணா, உங்க ஊர்ல ஒருத்தனை அடிச்சா அவன் ஏன் எப்பவும் தேங்காய் வண்டி மேலயே போய் விழறான்?"

"அங்கே தேங்காய் வண்டி அதிகம் காக்கா."

"வில்லனுங்க ஏன் எல்லாரும் வெள்ளை வேட்டி?"

"வெயில் காக்கா."

தலையாட்டிக்கொள்வார். நியாயமான பதில் கிடைத்த திருப்தியோடு நடப்பார். செல்வி கூட்டு, பொரியல் என்று டப்பாவில் கொடுத்து அனுப்புவாள். டப்பா திரும்பி வரும்போது அதில் பாகர்வடி, சிவடா என்று அவர்கள் பக்கத்து நொறுக்குத்தீனி ஏதாவது இருக்கும். ஏழெட்டு வருஷம் இப்படி ஓடியது.

சாப்! சாப்!

அன்று சாயந்திரம் காக்கா பார்த்துக்கொண்டிருந்தது ஒரு பாம்புப் படம். தன்னை ஏமாற்றியவனின் வம்சத்தைத் தேடிப் பாம்பு வீடு வீடாக வருகிற கதை. மேலே நான் பால்கனியில் கிளாரினெட்டைப் போட்டுவிட்டு உள்ளே வந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

கரண்ட் போயிற்று. கீழே டி.வி. அணைந்தது. மின்விசிறி நின்றது. பாம்பும் போயிற்று. ஆனால் மகுடி நிற்கவில்லை. என் பிளேயர் பேட்டரியில் ஓடுவது.

இதெல்லாம் காக்கா பிற்பாடு சொன்னது. இருட்டில் மகுடிச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அப்போது பால்கனிக் கம்பியில் டக், டக் என்று யாரோ தட்டுகிற மாதிரி ஒரு ஓசை. நான் கட்டிய கல். காக்கா காற்று என்று நினைத்துக்கொண்டு, துணிக்கொடியில் காயப்போட்ட துண்டை எடுக்கப் போயிருக்கிறார். குனிந்து துண்டை உருவும்போது சில்லென்று, ஈரமாக, நீளமாக ஒன்று பிடரியைத் தொட்டு, கன்னத்தைத் தடவி, ஆடிக்கொண்டே விலகியது.

"சாப்! சாப்!"

செல்வி காதைத் தீட்டினாள். "ஏங்க, காக்கா சாப்பாடு கேக்காரு போலுக்கு."

"இந்த நேரத்துலயா?"

"கரண்டு இல்லல்லா. அவுக வீட்ல கரண்டு அடுப்பு. பாவம், பசிக்கோ என்னமோ." சொல்லிக்கொண்டே ரசத்தை எடுத்து டப்பாவில் ஊற்றத் தொடங்கிவிட்டாள்.

அப்போது இரண்டாவது சத்தம். "சாப் ஆஹே! வர் கேலா! வர் கேலா!"

என் மராத்தி காய்கறி வாங்குகிற அளவு. ஆனால் சில வார்த்தைகள் பயத்தில் தானாகவே புரிந்துவிடும். சாப் என்றால் பாம்பு. வர் கேலா என்றால் மேலே போய்விட்டது. மேலே என்றால் நாங்கள்.

அடுத்த கணம் நான் வாஷிங் மெஷின் மேல் இருந்தேன். எப்படி ஏறினேன் என்று தெரியாது. பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறச் சொன்னால் மூட்டுவலியைக் காரணம் காட்டுகிறவன் நான்.

"பாட்ட நிறுத்துங்க முதல்ல! அதக் கேட்டுல்லா வருது!" என்றாள் செல்வி, ரச டப்பாவோடு.

"நீ போய் நிறுத்து."

"நானா? போட்டது நீங்க."

"எனக்கு ஒரு துடைப்பம் எடுத்துக் கொடு."

கொடுத்தாள். கிளாரினெட்டை நிறுத்தப் பால்கனிக்குப் போக இரண்டு பேருக்கும் துணிச்சல் இல்லை. கீழே கட்டடத்து ஆட்கள் எல்லாரும் குச்சியும் டார்ச்சுமாகக் கூடிவிட்டார்கள். யாரோ பாம்பு பிடிப்பவருக்குப் போன் செய்தார்கள். அவர் வரும்வரை அத்தனை பேரும் மழையில் நின்று கேசட்டின் ஒரு பக்கத்தை முழுசாகக் கேட்டார்கள். என் சங்கீதத்துக்கு நான் சேர்த்த பெரிய கூட்டம் அதுதான்.

விஷமில்லாத வகை

இங்கே சர்ப்பமித்ரா என்பார்கள். பாம்புகளுக்குச் சினேகிதர். வேறு வேலை பார்த்துக்கொண்டே, கூப்பிட்டால் வந்து பாம்பைப் பத்திரமாகப் பிடித்துக் காட்டில் விடுகிறவர்கள். வந்த பெண் பெயர் ரேணுகா. பகலில் ஹிஞ்ஜவாடியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. முதலில் காக்காவின் பால்கனிக்குப் போய் விளக்கடித்துப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள். பிறகு படியேறி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அதைத்தான் முதலில் சொன்னேன்.

பால்கனியில் கம்பியை விட்டு அதை மெதுவாக மேலே இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது. ஐந்தடிக்குக் குறையாது. கடைசியில் கல். அதைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே கூட்டத்தைப் பார்த்து மராத்தியில் சொன்னாள்: "விஷமில்லாத வகை."

கட்டடமே சிரித்தது. நானும் சிரித்தேன். வாஷிங் மெஷினிலிருந்து இறங்கி, வேட்டியைச் சரி செய்துகொண்டு, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பால்கனிக்கு வந்து நின்று சிரித்தேன்.

"சிரிக்காதீங்க" என்றாள் ரேணுகா. "போன வாரம் ஒரு வீட்டுல பெல்ட்டுக்காகப் போனேன். அதுக்கு முன்னால சைக்கிள் டியூப். கூப்பிட்டதுதான் சரி." யார் காதிலும் அது விழவில்லை.

அப்போது பார்த்துக் கரண்ட் வந்தது. வெளிச்சத்தில் காக்கா கீழே கட்டட வாசலில் நின்றது தெரிந்தது. கழுத்தில் துண்டு. ஓடும்போது கால் பிசகி, ஒற்றைக் காலில் நின்றார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல் நொண்டிக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

புடலங்காயைச் செல்வி கூட்டு வைத்தாள். வில்லை வில்லையாக நறுக்கி, பாசிப்பருப்போடு வேகவிட்டு, தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் அரைத்து ஊற்றி, கடைசியில் தேங்காய் எண்ணெயில் கடுகு உளுந்து. ரேணுகா இரண்டு தட்டு சாப்பிட்டாள். தான் பிடித்ததைத் தானே சாப்பிடுவது இதுதான் முதல் தடவை என்றாள்.

துவைத்து எடுத்த கதை

மறுநாள் பிம்ப்ரியில் ஆபீஸ் கேன்டீனில் கதையைச் சொன்னேன். நான் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் இருந்தேன். அதுவரை என் பேச்சை யாரும் டீ ஆறுகிறவரை கேட்டதில்லை. அன்று மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். பக்கத்து டிபார்ட்மென்டிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள்.

சிரிப்பு ஒரு மோசமான சரக்கு. இன்னும் வேண்டும் என்று கேட்கும். காக்காவின் அலறலை நடித்துக் காட்டினேன். அடுத்த தடவை ஒற்றைக் காலில் குதித்தும் காட்டினேன். பத்து நாளில் காக்கா சோபா மேல் ஏறி நின்று துண்டைச் சுழற்றுகிறவர் ஆகிவிட்டார். வாஷிங் மெஷின் எந்த இடத்தில் கதையை விட்டு வெளியேறியது என்று எனக்கே தெரியாது. பதிலாக, "யாரும் பயப்படாதீங்க" என்று நான் பால்கனியில் நின்று தைரியம் சொல்கிற காட்சி ஒன்று வந்து சேர்ந்தது.

ஒருநாள் கோயம்புத்தூரில் இருக்கும் நண்பனிடம் போனில் சொல்லி முடித்துவிட்டுத் திரும்பினால் செல்வி பின்னால் நிற்கிறாள்.

"வாஷிங் மெஷின் எங்க போச்சு?"

"எந்த வாஷிங் மெஷின்?"

"சரிதான்" என்று உள்ளே போய்விட்டாள்.

கட்டடத்துப் பிள்ளைகள் காக்காவுக்கு "படவள் காக்கா" என்று பெயர் வைத்தார்கள். படவள் என்றால் புடலங்காய். அவர் வாக்கிங் வருவது நின்றது. கால் வலி என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பால் பூத்தில் ஒரு காலை. புதிதாகக் குடிவந்த ஒருவர் கேட்டார், நான் சொன்னேன். துண்டைச் சுழற்றுகிற இடத்துக்கு வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. திரும்பினேன். பின்னால் காக்கா. காலில் கட்டு. கையில் அரை லிட்டர் பால்.

"காக்கா..." என்றேன்.

"கொஞ்சம் வழி விடுங்க சாஹேப்" என்றார்.

அண்ணா இல்லை. சாஹேப். ஏழெட்டு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் என்னிடம் சொன்னதில்லை.

காலி டப்பா

செல்வி அன்றே வெண்டைக்காய்ப் பச்சடி செய்து டப்பாவில் அனுப்பினாள். மறுநாள் டப்பா எங்கள் வாசல் கைப்பிடியில் தொங்கியது. கழுவித் துடைத்து. காலியாக. செல்வி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

அந்த வாரம் காக்காவின் பெண் மேதா எங்கள் வீட்டுக்கு வந்தாள். நாகரிகமான பெண். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அங்கிள், நீங்க கூட இருந்தீங்க. உண்மையைச் சொல்லுங்க. பாபாவுக்குக் கண் தெரியலையா, இல்ல மனசே குழம்புதா? சோபா மேல ஏறி நின்னு கத்தினாராமே. இப்ப யார்கிட்டயும் பேசறதில்ல, டி.வி. கூடப் போடறதில்ல. தனியா விட எனக்குப் பயமா இருக்கு. வாகடுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு, இந்த வீட்டை வாடகைக்கு விடலாம்னு இருக்கேன். அவர் வரமாட்டேங்கறார்."

சோபா நான் போட்டது. அதைச் சொல்ல அதுதான் இடம். வாய் திறந்தேன். வந்தது இதுதான்:

"வயசாகுதில்லம்மா."

அவள் போனதும் செல்வி கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றாள்.

"அவருக்கு வயசாவுதுன்னா உங்களுக்கு என்ன ஆவுது?"

நான் மேதா குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே நகர்ந்தேன்.

"காய் நம்மளது. பாட்டு நம்மளது. பயந்தது ரெண்டு பேரும். வீட்ட விட்டுப் போறது மட்டும் அவரா?"

அன்று ராச்சாப்பாட்டில் என் தட்டில் உப்பு சரியாகத்தான் இருந்தது. ஆனால் பாதியிலேயே தட்டை நகர்த்திவிட்டேன். காக்கா போய்விட்டால் நாளைக் காலை தேங்காய் வண்டியைப் பற்றி என்னிடம் கேட்க இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?

மீ பஸ்லி

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் கட்டடத்துச் சொசைட்டி மீட்டிங். கார் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். இரண்டு விஷயம். ஒன்று, பால்கனிக்கு வெளியே கொடி தொங்கக் கூடாது என்று காக்கா எழுதிக் கொடுத்த புகார். இன்னொன்று, காக்காவின் வீட்டை வாடகைக்கு விட அனுமதி கேட்டு மேதாவின் கடிதம். காக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேதா பக்கத்தில்.

செக்ரட்டரி முதல் புகாரைப் படித்ததும் பின்னாலிருந்து யாரோ "ஸ்ஸ்ஸ்" என்று பாம்பு மாதிரி சீறினார்கள். சிரிப்பு பரவியது. காக்கா தன் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்தேன். மராத்தியில் பேச வேண்டும் என்று நினைத்தேன். அவர் மொழியில் சொன்னால்தான் சொன்னதாகும் என்று பட்டது. மூன்று நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம். எழுந்ததும் அது உடைந்துபோயிற்று.

"மீ... மீ வாஷிங் மஷீன்வர் பஸ்லி ஹோதி!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒரு வெடிச்சிரிப்பு. பிற்பாடுதான் தெரிந்தது, உட்கார்ந்ததைச் சொல்லும்போது பஸ்லி என்பது பெண்பால். ஆண் என்றால் பஸ்லோ. நான் வாஷிங் மெஷின் மேல் உட்கார்ந்த பெண்மணி என்று அறிவித்திருக்கிறேன்.

சிரிப்பு அடங்கும்வரை நின்றேன். அப்புறம் இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். காக்கா சோபா மேல் ஏறவில்லை. துண்டைச் சுழற்றவில்லை. அதெல்லாம் நான் கட்டியது. இருட்டில், பாம்புப் பாட்டு கேட்கும்போது, பிடரியில் ஐந்தடிக் காய் உரசினால் யாராக இருந்தாலும் கத்துவார்கள். அவராவது ஒன்றைத் தொட்ட பிறகு பயந்தார். நான் எதையும் பார்க்கவில்லை, எதுவும் என்னைத் தொடவில்லை, வெறும் வார்த்தையைக் கேட்டு ஏறிவிட்டேன். எனக்குக் கண் நன்றாகத் தெரியும். நான் பேப்பர் படிக்கக் கண்ணாடி கூடப் போடுவதில்லை.

செல்வி எழுந்தாள். சாட்சி சொல்ல. கேட்டதற்கு மேலேயே சொன்னாள். "துடைப்பம் கேட்டாரு. குடுத்தேன். நடுவுல ஒருவாட்டி 'அம்மா'ன்னாரு. என்னையக் கீழயே நிக்க வச்சுட்டுத்தான் மேல ஏறினாரு." அவள் இந்தியில் இதெல்லாம் திருநெல்வேலி ராகத்தில் வந்தது. பெண்கள் பக்கம் ஒரே கைதட்டல்.

பின் வரிசையிலிருந்து காக்கா குரல் வந்தது. கட்டடத்தில் பல நாளாக யாரும் கேட்காத குரல்.

"எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தே?"

"கேசட் ஒரு பக்கம் முடியற வரைக்கும்."

யோசித்தார். "மேல மூடியா, முன்னால மூடியா?"

"மேல மூடி காக்கா."

"உடையலையா?"

"கொஞ்சம் உள்வாங்கிடுச்சு. இப்ப துணி சுத்தும்போது தடதடன்னு சத்தம் வருது."

காக்காவின் தோள் குலுங்கத் தொடங்கியது. முதலில் அழுகிறார் என்று நினைத்தேன். மேதாவும் அப்படித்தான் நினைத்து அவர் கையைப் பிடித்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமே வராமல், கண்ணில் தண்ணீர் வர, நாற்காலியே ஆட. மேதா அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அடக்க முடியவில்லை.

கொடி விஷயத்தில் காக்கா சொன்னதுதான் முடிவாயிற்று. பால்கனிக் கம்பிக்கு வெளியே எதுவும் தொங்கக் கூடாது. நான்தான் முதலில் கை தூக்கினேன். அன்று மத்தியானமே கொடியை உள்ளே இழுத்துக் கட்டினேன்.

இரண்டாவது விஷயத்தைச் செக்ரட்டரி எடுத்தபோது மேதா எழுந்து, கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "இப்போதைக்கு வேண்டாம்" என்றாள். பிறகு அப்பாவிடம், "ஆனா போனை எப்பவும் பாக்கெட்ல வச்சிருக்கணும் பாபா. சார்ஜோட."

"பாக்கெட் உள்ள சட்டை வாங்கிக் கொடு" என்றார் காக்கா.

மீட்டிங் முடிந்ததும் அவர் மேதாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மன்னித்தாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிறு, பதினோரு மணி

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. காக்கா. படியேறிய மூச்சு இன்னும் வாங்கியது. கையில் எதுவும் இல்லை. நேராகப் பால்கனிக்கு வந்தார். தக்காளிச் செடியை நகர்த்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அன்னிக்குப் பயத்துல சரியாக் கேட்கல" என்றார். "போடு அண்ணா."

எனக்கு ஒரு நிமிஷம் பிளேயரில் எந்தப் பொத்தான் எது என்று மறந்துபோனது.

போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் பரீட்சை எழுதியவன் மாதிரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மெட்டு நெளிந்து போயிற்று, முடிகிற மாதிரி வந்து மறுபடி தொடங்கிற்று. எல்லாருமே பொதுவாக இந்த இடத்தில் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். காக்கா விரலை மட்டும் தூக்கி, "டிரம் அடிக்கறவன் அவசரப்படறான்" என்றார்.

"ஆமா காக்கா. பஸ் பிடிக்கணும் போல."

"இவன் விட மாட்டேங்கறான்."

"விட மாட்டார்."

உள்ளே குக்கர் விசில் அடித்தது. செல்வி எண்ணுகிற சத்தம் கேட்டது. அரை மணி நேரம் அப்படியே போயிற்று. கடைசியில் கிளாரினெட் ஒரு நீளமான இழுப்பு இழுத்து ஓய்ந்தது. டேப் ஓடி முடிந்து, பொத்தான் டக்கென்று எழும்பியது.

இத்தனை வருஷத்தில் அந்தக் கேசட்டின் ஒரு பக்கத்தை, ஓட முடிந்தும் ஓடாமல், என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட முதல் மனிதர் அவர். இனி எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். அதுவே எனக்குப் போதும் என்றும் நினைத்தேன்.

காக்கா கண்ணைத் திறந்தார். பிளேயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மறுபக்கம்?"